ஏழாம் கட்டில் முட்டை

"சிஸ்டர், கட்டின புருஷன் முட்டையப் புடுங்கித் தின்ற பொம்பளைய எங்கியாவது பாத்திருக்கீங்களா? இங்க வந்து பாருங்க!"

ஆறாம் கட்டிலிலிருந்து ஹயாத் பாஷா சத்தம் போட்டார். சங்கராபுரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. சர்க்கரை இறங்கவில்லை என்று இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மஞ்சள் கருவைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, வார்டில் யாருடைய முட்டை எங்கே போகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஏழாம் கட்டிலில் இருசப்பன். கல்வராயன் மலை ஆள். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சிக்கு வந்து ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள். ரத்தம் ஜோராக ஓடுகிறது. புண்தான் ஆறவில்லை.

"உடம்புல சத்தே இல்ல. தினம் ரெண்டு முட்டை சாப்பிடணும். புண் மூடலன்னா காலையே எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இருசப்பன் கேட்டால்தானே!

"புண்ணு இருக்கறப்ப முட்ட தின்னா சீழ் வெக்கும். எங்க ஊருல இருவது வருசமா பத்தியம் சொல்றவன் நானு. நானே மீறினா நாளைக்கு ஒரு பய மதிப்பானா?"

பார்க்க வந்த ஊர்க்காரர்களிடமும் இதையே சொல்லி அனுப்பினார். அவர்களும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, கொண்டுவந்த பன்னைத் தாங்களே தின்றுவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் தரும் அவித்த முட்டைகளை இருசப்பன் தள்ளி வைப்பார். அவற்றை அவர் மனைவி தைலம்மாள் எடுத்துக்கொண்டு, தூக்குவாளியோடு வராந்தா குழாயடிக்குப் போவாள். ஓடு குப்பைத் தொட்டிக்குப் போகும். வாயை மென்றபடி திரும்பி வந்து, புருஷனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுப்பாள்.

சிஸ்டர் ஜெயம்மாள் அன்று அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

"ஏம்மா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா? அந்தாளு எலும்பும் தோலுமா கெடக்கறாரு. ரெண்டு முட்டையும் நீ முழுங்கிட்டு, வெறுங்கஞ்சிய அவருக்கு ஊத்தறியே!"

தைலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பசிக்குது சிஸ்டர்."

"பசிக்குதாம்! எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார் பாஷா.

வார்டே சிரித்தது. தைலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கும் யாரும் இரக்கப்படவில்லை. இருசப்பன் குனிந்த தலை நிமிராமல் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வார்டில் அவள் பெயரே 'முட்டைக்காரி' ஆகிவிட்டது.

பத்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர் அசந்துபோனார். புண் மூடியிருந்தது.

"பாத்தீங்களா, முட்டை வேலை செஞ்சிடுச்சி!"

"முட்டையா? வெரலால கூட தொடல சார். எல்லாம் பத்தியம்!" என்று இருசப்பன் நெஞ்சை நிமிர்த்தினார்.

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டை இன்னொரு தடவை படித்தார். சத்து நன்றாக ஏறியிருந்தது. ஒன்றும் புரியாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஜெயம்மாள் விடவில்லை. தைலம்மாளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். டாக்டர் சொன்னபடி நடைப் பயிற்சியில் இருந்த பாஷாவின் கால் அங்கே தானாக நின்றது.

"உண்மையச் சொல்லு. கஞ்சில இன்னா கலந்த?"

"முட்டதான் சிஸ்டர். நல்லா மசிச்சி, பூண்டு தட்டிப் போட்டுக் கலந்துடுவேன். முட்ட எங்கன்னு கேப்பாரேன்னு, வாய மட்டும் சும்மா மென்னுக்கினு வருவேன்."

"அன்னிக்கி அவ்ளோ திட்டினேனே, சொல்லக் கூடாதா?"

"அவரு காதுல வுழுந்தா கஞ்சியவும் நிறுத்திடுவாரு. காலு போயிடுமே சிஸ்டர். திட்டு வாங்கினா நானு தேஞ்சா போயிடுவேன்?"

ஜெயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

தைலம்மாள் மாத்திரை வாங்கப் போனதும், பாஷா ஏழாம் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். ரகசியத்தைச் சொல்லக் கூடாது என்று தெரியும். சும்மா இருக்கவும் முடியவில்லை.

"இன்னாப்பா இருசப்பா, கஞ்சி ருசியெல்லாம் எப்படி?"

இருசப்பன் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலை இறக்கினார்.

"நல்லாத்தான் இருந்திச்சி பாய். ஞாயித்துக்கெழம மட்டும் மஞ்சக்கரு சரியா மசியல."

பாஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடப்பாவி, தெரியுமா உனக்கு? அப்ப அந்தப் பொம்பள வார்டே சிரிக்கத் திட்டு வாங்கறப்ப, நீ ஏன்யா வாயத் தொறக்கல?"

"எப்பிடித் தொறக்கறது பாய்? வாய் நெறைய முட்ட இருந்திச்சே!"