சிஞ்ஞோராவின் அப்பாவுக்கு ஏழு விக்கெட்

"இண்டைக்கு அந்த மனுசனுக்கு எத்தினை விக்கெட் குடுத்தனீங்கள்?"

"ஏழு," என்றான் கொன்ஸ்ரன்ரைன், சப்பாத்தைக் கழற்றியபடி.

எமிலியானாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நேற்று ஆறு, இண்டைக்கு ஏழோ! செத்த மனுசனப்பா, கையைக் கொஞ்சம் ஆற விடுங்கோ."

அந்தச் செத்த மனுசன், அவள் கணவன் வேலை செய்யும் இத்தாலிய வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் அப்பா. ஆங்கிலேயர். 1910 வாக்கில் இங்கிலாந்தில் பெரிய அணி ஒன்றுக்கு இரண்டு வருடம் வேகப்பந்து வீசினாராம். அந்தக் காலத்துப் பேப்பர் துண்டுகளை ஒட்டி வைத்த கொப்பி ஒன்று சிஞ்ஞோராவிடம் இருந்தது.

"நான் அம்மாவோடு பலெர்மோவில் வளர்ந்தவள். எனக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. நீ சிலோன்காரன், உனக்குத் தெரியும்தானே? இதை வாசித்துச் சொல்வாயா?" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டார்.

வேலை வேண்டுமே! பெரிதாகத் தலையாட்டிவிட்டான் பாவி. மன்னாரில் ஆங்கிலப் பாடத்துக்கு அவன் கடைசியாக எடுத்த புள்ளி பன்னிரண்டு.

ஆனால் கிரிக்கெட் தெரியும். பின்னேரக் கோப்பியோடு கொப்பியை விரித்து வாசிப்பதுபோல், மன்னாரில் தான் ஆடிய ஆட்டங்களையெல்லாம் அந்த மனுசன் பேரில் அவிழ்த்துவிடுவான். சிஞ்ஞோரா கன்னத்தில் கைவைத்துக் கேட்பார். ஒருநாள் மட்டும், "இங்கிலாந்து மைதானத்தில் பனைமரமா?" என்றார்.

"அந்தக் காலத்தில் இருந்தது, சிஞ்ஞோரா!"

நல்லவேளை, அதற்குமேல் கேட்கவில்லை.

எமிலியானா சிரிப்பை நிறுத்தினாள். "லண்டனிலயிருந்து சிஞ்ஞோராவின்ர தம்பி மகன் நாளைக்கு வாறான் எண்டியளே. அவன் கொப்பியை வாசிச்சானெண்டா என்ன செய்யப்போறியள்?"

அதுதான் அவனுக்கும் பயம். பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, இந்த 93 சித்திரையோடு முடிகிறது. புதுப்பிக்கச் சிஞ்ஞோராவின் கடிதம் வேண்டும். கடிதம் இல்லையென்றால் நாட்டில் இருக்க முடியாது. பொய்க்காரனுக்கு யார் கடிதம் கொடுப்பார்?

மறுநாள் சமையலுக்கு எமிலியானாவும் கூட வந்தாள். சாப்பாடு முடிந்து, கோப்பி ஊற்றும்போது முன்னறையில் பேச்சுக் கேட்டது. வந்தவன் கொப்பியை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். இடையிடையே சிஞ்ஞோராவும் தடங்கலில்லாமல் மறுமொழி சொன்னார்.

"இஞ்சேருங்கோ, சிஞ்ஞோரா என்ன பாஷை கதைக்கிறா?"

கொன்ஸ்ரன்ரைன் கதவோரம் காதை வைத்தான். "இங்கிலிஸ்..."

"கொஸ்தந்தீனோ!" என்று சிஞ்ஞோரா தன் இத்தாலிய உச்சரிப்பில் அவனைக் கூப்பிட்டார்.

போச்சு, எல்லாம் போச்சு! கோப்பித் தட்டோடு போய் நின்றான்.

சிஞ்ஞோரா, தம்பி மகன் கையிலிருந்த கொப்பியைப் பறித்து அவனிடம் நீட்டினார்.

"இந்தா, நீ வாசி. இவன் வாசித்தால் அப்பாவுக்கு ஒரு விக்கெட்கூட விழமாட்டேன் என்கிறது!"