ஜெல்லில் பதிந்த விரல்

நெசவாளி பூவராகவனுக்கு வலது பாதத்தில் சர்க்கரைப் புண். போன மாதம் சுண்டு விரலை எடுத்தார்கள். புண் ஆறாவிட்டால் பாதத்தையும் எடுக்க வேண்டும்.

மூன்று நாளைக்கு ஒருமுறை நர்ஸ் ஜோதிகா வந்து, பாதத்தில் ஒட்டிய ஈர ஜெல் தகட்டை மாற்றுவாள். இன்று உரித்த தகட்டில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன.

"நாலுதானேண்ணா இருக்குது?"

"இல்லாத விரலு அரிக்குதுன்னு மூணு நாளா என் உயிர வாங்கிக்கினு இருக்காரும்மா," என்றாள் மனைவி கங்கையம்மாள்.

ஜோதிகா புண்ணைப் பார்த்தாள். புதுத்தோல் படர்ந்திருந்தது.

"காலு தப்பிச்சுதுண்ணா!"

"தறிக்குழி இருட்டுல மிதிக்கட்டையத் தேடிக் குடுக்கிறது சுண்டு விரலுதாம்மா. அதுக்கும் எடம் விட்டு ஒட்டு," என்றார் பூவராகவன்.

ஜோதிகா சிரித்துக்கொண்டே புதுத் தகட்டை அகலமாக வெட்டி ஒட்டினாள். நான்கு விரல்களுக்கு அப்பால், வெறும் ஜெல் மெல்லக் குழிந்தது.