அடுத்த புதன்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தில்லைநாயகம் தன் கைக்கடிகாரத்தையும் நல்ல சட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தானம் கொடுத்துவந்தார். "இனிமே எனக்கு எதுக்கு?" என்பார். மனைவி கனகவல்லி ஆறு மாதமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவர் திடீரென்று பழைய சாமான் கடையிலிருந்து புகை பிடிக்கும் பைப் ஒன்றை வாங்கி வந்தார். மறு வாரம் இன்னும் ஐந்து. எத்தனை தீக்குச்சி கிழித்தாலும் அணைந்து அணைந்து போனது. இருமினார், பைப்பைத் திட்டினார், மறுபடி பற்றவைத்தார். திரைச்சீலையெல்லாம் புகையிலை வாடை. அவள் ஜன்னலை மட்டும் திறந்துவைத்தாள்.

இன்று காலை ஆறு பைப்புகளையும் ஜன்னலோரம் சாய்த்துவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிழமையை எழுதி ஒட்டினார். அவள் புதன்கிழமையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அதத் தொடாத. இப்பத்தான் பிடிச்சேன், உள்ள ஈரம் காயணும். இனி அடுத்த புதன்தான் எடுக்கணும்."

"அடுத்த புதனா?"

"ஆமா."

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. பைப்பை இருந்த இடத்திலேயே பதனமாக வைத்துவிட்டு, வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணும் இல்லையே."