நூறு வருஷத்துக்குக் குறையாது

"இது நூத்திப் பத்து வருஷம். எனக்கு."

லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அண்ணன் அந்த மடக்குக் கத்தியைத் தன் பக்கம் நகர்த்தினான்.

"இது முப்பதுகூட ஆகலை. உனக்கு."

அது தங்கையின் பக்கம் வந்தது.

அப்பா போய் மூன்று மாதம். அவர் சேர்த்து வைத்த நாற்பத்தோரு பழைய கத்திகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இதில் கெட்டிக்காரன். பிளேடின் அடியில் இருக்கும் கம்பெனி முத்திரையையும் பிடியில் அடித்த ஆணியையும் பார்த்தால் போதும், வயதைச் சொல்லிவிடுவான். தங்கைக்குக் கத்தி என்றால் வெங்காயம் நறுக்குவது.

"நூறு தாண்டினது ஒண்ணுகூட எனக்கு வரலையே?"

"அதுக்கெல்லாம் எண்ணெய் போடணும், ஈரம் படாமப் பார்த்துக்கணும். உனக்கு ஆகாது. எண்ணிக்கையில உனக்குத்தான் ஜாஸ்தி. இருபத்திரெண்டு."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் "நூத்தி இருபது" என்னும்போதெல்லாம் அவள் முகம் மலர்ந்தது. பிள்ளை பக்கம் சாயாமல் வேறென்ன செய்வாள் என்று தங்கை நினைத்துக்கொண்டாள். ஞாபகத்துக்கு என்று சொல்லி, அண்ணன் பாகத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் கணவன் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"உங்க அண்ணன் உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்காரு."

"எண்ணிக்கையில எனக்குத்தான் ஜாஸ்தி."

"கூழாங்கல்லும்தான் எண்ணிக்கையில ஜாஸ்தி."

தங்கைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இரண்டாவது ரிப்போர்ட் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஏலக் கம்பெனிக்குப் போனாள்.

அங்கே இருந்த மதிப்பீட்டாளர் ஒவ்வொரு கத்தியாகத் திறந்தார், பார்த்தார், மூடினார். அரை மணி நேரம் ஆயிற்று.

"இதெல்லாம் முப்பது வருஷம்னு யாரும்மா சொன்னது?"

"எங்க அண்ணன்."

"இது நூறு. இது நூத்தி முப்பது. பிடி நிஜ எலும்பு, பொடிப் பொடியாத் துளை தெரியுது பாருங்க. இருபத்திரெண்டும் அசல்."

தங்கை போனில் அந்தப் படத்தை எடுத்தாள். தனக்கு ஒதுக்கியதே இப்படி என்றால், அவன் எடுத்துக்கொண்டது எப்பேர்ப்பட்டதாக இருக்கும்! போனை நீட்டினாள்.

மதிப்பீட்டாளர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக் பிடி. பிளேடை ஆசிட்ல முக்கிக் கறுப்பாக்கியிருக்காங்க. முத்திரையில எழுத்தே தப்பு. பத்தொன்பதும் போலி. சந்தையில கூடை கூடையா விக்கறாங்க."

"அப்போ எங்க அண்ணனுக்கு அவ்வளவாத் தெரியாது போல."

"அண்ணன் யாரு?"

சொன்னாள். அவர் லென்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்குச் சந்தேகம் வந்தா நான் அவருக்குத்தாம்மா போன் போடுவேன்."

வெளியே வந்து, படியிலேயே உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"உன் பாகம் பூரா போலியாமே?"

"யார்கிட்ட காட்டின?"

"அதை விடு. தெரிஞ்சேதான் எடுத்துக்கிட்டியா?"

"அதுல ஒண்ணுகூட உன்கிட்ட வரக் கூடாதுன்னு பார்த்தேன். உன்னோடதும் பழசுன்னு சொல்லியிருந்தா, கலந்து பிரின்னு நிப்ப. அதுல ஒண்ணு வந்துட்டா, உன் வீட்டுக்காரர் மறுநாளே மதிப்புப் போடப் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாரு."

கிளம்பியது அவர் இல்லை என்பதைத் தங்கை சொல்லவில்லை.

"வந்தா என்னண்ணா? போலின்னு தெரியும், அவ்வளவுதானே?"

"தெரிஞ்சா அது அம்மா காதுக்குப் போகும். ஞாயித்துக்கிழமை வா. அந்தப் பத்தொன்பதும் எப்படி வந்ததுன்னு அம்மாவையே கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இரு."

வீட்டில் கணவன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாம் புதுசுதானாம்."

"நான் சொல்லலை?" என்றான் அவன், மிகுந்த திருப்தியோடு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக் கூடத்தில் அம்மா கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பத்தொன்பது கத்திகளும் வரிசையாக மின்னின.

"இதெல்லாம் அப்பாவுக்கு எங்கேம்மா கிடைச்சது?"

"அவருக்கு எங்கேடி கிடைச்சது? அவ்வளவும் நான் வாங்கிக் குடுத்தது! கல்யாண நாளுக்கு ஒண்ணு. கடைக்காரன் என்னத்தைத் தலையில கட்டறானோன்னு பயந்துக்கிட்டேதான் வாங்குவேன். உங்கப்பா லென்ஸை வெச்சு அஞ்சு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரு. 'நூறு வருஷத்துக்குக் குறையாது'ம்பாரு. பத்தொன்பது தடவைல ஒரு தடவைகூட நான் ஏமாறலை, பார்த்துக்கோ!"

அண்ணன் பேப்பரில் ஏதோ விளம்பரத்தை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

தங்கை முகத்தை நன்றாகத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அதான்மா எனக்கு வயித்தெரிச்சல். இருக்கறதுலயே நல்லதாப் பார்த்து, ஒண்ணு விடாம உன் பிள்ளை சுருட்டிக்கிட்டான். பேராசை பிடிச்சவன்!"