எடை பார்க்கும் நாள்

இரண்டாம் மாதத்தில் குழந்தை இறந்துபோன பிறகும், தையல்காரி சுகாதார நிலையத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. எடை பார்க்கும் நாளில் மடித்த துண்டு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்பாள். அவள் மனம் நோகக் கூடாதென்று நர்ஸ் முதல் தடவை அதை வாங்கித் தராசில் வைத்தாள். முள் நான்கு கிலோவில் நின்றது. விரித்துப் பார்த்தாள், வெறும் துண்டு. மறுமாதம் ஐந்து. ஆறாம் மாதம் ஆறரை. வேறென்ன செய்வதென்று தெரியாமல் நர்ஸ் எல்லாவற்றையும் அட்டையில் குறித்துக்கொண்டே வந்தாள்.

“சிஸ்டர், இனிமே சாப்பாடு ஊட்டலாமா?”

“ஊட்டலாம்மா. நல்லா மசிச்சு, ஒரு ஸ்பூன்ல ஆரம்பிங்க.”

பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் துண்டைத் தராசிலிருந்து எடுத்தாள். ஒரு கையைத் தலைக்கு அடியில் கொடுத்துத்தான் தூக்கினாள்.