கணுக்கால் பிடி

அடுத்த சீசனுக்கான கபடி அணியை டிவியில் வாசித்து முடித்தபோது, கொம்பையாவின் முகத்தில் பாதி மழித்திருந்தது, பாதி நுரையாக இருந்தது.

"நல்லா ரைடு போறவன விட்டுட்டானுவ. தலைக்குச் சாயம் பூசிக்கிட்டு ரீல்ஸ் போடுறவன எடுத்துருக்கானுவ. அந்த ஆத்தியப்பன மட்டும் மறுபடியும் வச்சிருக்கானுவ, பாத்தீராவே?"

சலூன்காரர் அல்போன்ஸ் இருமினார். "தாடைய ஆட்டாதீய அண்ணாச்சி."

பக்கத்து நாற்காலியில், முகத்தில் வெந்நீர்த் துண்டோடு, கால்களை வழியில் நீட்டியபடி ஒருவர் சாய்ந்து கிடந்தார்.

கொம்பையா விடவில்லை. "லெப்ட் கார்னர்ல அந்த ஆத்தியப்பன நிறுத்துறதுக்கு ஒரு முருங்கைக் கம்ப நட்டு வைக்கலாம். கணுக்கால் பிடிக்கிற கையாவே அது? டீ கிளாஸ் பிடிக்கக்கூட லாயக்கில்ல."

கண்ணாடி வழியே அல்போன்ஸ் அந்தத் துண்டைக் கண்ணால் காட்டினார். தான் சொல்வதை அவரும் ஆமோதிப்பதாகக் கொம்பையா எடுத்துக்கொண்டார்.

"இந்த டீமுக்குப் போயி தொண்ட கிழியக் கத்துனேன் பாரும், என்னையச் செருப்பால அடிக்கணும்."

போர்த்தியிருந்த துணியை வீசிவிட்டுப் பாதி முகத்தோடு எழுந்தார். வாசலுக்குப் போக, நீட்டியிருந்த கால்களைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் இறங்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து நீண்ட ஒரு கை அவர் கணுக்காலைப் பிடித்திருந்தது. முகத்தின் மேலிருந்த துண்டு அசையவே இல்லை. கொம்பையா இழுத்துப் பார்த்தார், உதறிப் பார்த்தார். பிடி இறுகியது. அல்போன்ஸ் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். வாசற்படிக்கு இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. கொம்பையா மூச்சைப் பிடித்து, "கபடி, கபடி" என்று முனகியபடியே படியை நோக்கி விரல்களை நீட்டினார்.