சிவப்புப் பென்சில்

"இந்த மேப் தப்பு!"

அம்மா போட்ட சத்தத்தில் கண்காட்சிக்கு வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

படத்தை வரைந்த மகள் அவசரமாக அருகில் வந்தாள். முப்பது வருஷம் சர்வேயராக நிலம் அளந்த அம்மா, பூதக்கண்ணாடியும் கையுமாக அவள் படத்தின் முன்னால் நின்றிருந்தாள். அதன் தலைப்பு, 'நானும் என் காதலியும் நடந்த தெருக்கள்'. வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியாததைத்தான் மகள் ஊர் வரைபடமாக வரைந்து மாட்டியிருந்தாள்.

"மெதுவாப் பேசும்மா. எதுவானாலும் வீட்டுக்குப் போய்த் திட்டு."

"ஏன் மெதுவா? பூங்காவிலேர்ந்து உன் பக்கத்துல நிக்கிற இந்தப் பொண்ணு வீட்டுக்கு நேர் ரோடு இருக்கு. அதை விட்டுட்டு மூணு தெரு சுத்தியிருக்கீங்க. எல்லா வழியும் இந்த ஒரு வீட்டைக் கண்டா வளைஞ்சு ஓடுது. யார் வீடுடி இது?"

காதலி மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வீடும்மா. சேர்ந்து அந்தப் பக்கம் வர பயமா இருந்துச்சு."

அம்மா கைப்பையைத் துழாவிச் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். தப்பான வரைபடத்தைத் திருத்தாமல் விடும் பழக்கமே அவளுக்குக் கிடையாது. படத்தின் மேலேயே, பூங்காவிலிருந்து தன் வீட்டு வாசல் வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில் கையெழுத்தும் போட்டாள்.

"இப்பதான் சரி. நாளைக்கு ரெண்டு பேரும் இந்த வழியாத்தான் சாப்பிட வரணும். இனிமே சுத்திக்கிட்டுப் போனீங்க, காலை உடைச்சிருவேன்!"